எல்லோருக்குமான கையொப்பம்

ஜெர்மனிக்குப் போகவேண்டிய மெயிலின் அடியில், ஜெனிஃபா தட்டாத ஒரு பெயர் வந்து உட்கார்ந்திருந்தது. நெல்வின்.

அவள் புருஷன் பெயர். ஆபீஸுக்குப் பின்னால், பச்சைத்தோலும் சுண்ணாம்பும் நாறும் ஷெட்டில் தோல் பதனிடும் டிரம் ஓட்டுகிறவன். கம்ப்யூட்டரைத் தொட்டதே கிடையாது.

மழை மூட்டத்தில் ஆம்பூர் மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. டிரம்கள் உருளும் அதிர்வு தரை வழியாக அவள் பாதத்தில் ஏறிக்கொண்டிருந்தது. போன மாசம் எல்லோருடைய மெயிலின் அடியிலும் செங்கல்வராயன் என்று வந்தது. பொழுது சாய்வதற்குள் கழிவுத்தொட்டியில் விஷவாயு அடித்து அவன் செத்தான். அடுத்து நாகேந்திரன். அவனும் அதே தொட்டியில்தான். இறங்குகிறவர்கள் செருப்பை ஓரமாக ஜோடி சேர்த்து விட்டுத்தான் இறங்குவார்கள். இரண்டு தடவையும் அந்தச் செருப்புதான் முதலில் கண்ணில் பட்டது.

"சார், இந்தப் பேர எடுத்துடுங்க!"

ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஜெயகரன் எட்டிப் பார்த்தார். முகம் வெளிறிப் போனது. "இது உன் செட்டிங் இல்லம்மா. எல்லாருக்கும் சேர்த்து ஒரு பொது ஃபைல் இருக்குது. அதுல ஒரு பேர பூட்டி வச்சிருந்தா, உன்னுதுல நீ இன்னா எழுதினாலும் செல்லாது."

"அப்ப அத மாத்துங்க சார்."

"செங்கல்வராயன் போனப்பவே காலி பண்ணிட்டேன்மா. இன்னிக்கும் காலியாத்தான் இருக்குது."

ஷெட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தன் சொந்த செட்டிங் ஃபைலைத் திறந்தாள். கையொப்பம் என்ற இடத்தில் தன் பெயரை அடித்தாள். அவருக்குப் பதிலா நான் போறேன், கர்த்தரே.

தனக்கே ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தாள். வந்தது. நெல்வின்.

மறுபடியும் அனுப்பினாள். நெல்வின்.

மறுபடியும்.

டிரம்கள் நின்றன. ஆள் விழுந்தால்தான் நிறுத்துவார்கள்.

வெளியே யாரோ நெல்வின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அவள் எழுந்தாள். ஜெயகரன் தன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்து மேஜை ரோஷினியும் அப்படியே. இருவருடைய மெயிலின் அடியிலும் இப்போது வேறு பெயர்.

ஜெனிஃபா.

தரை சில்லென்றது. குனிந்து பார்த்தாள். வெறும் கால். அவள் செருப்பு நாற்காலிக்கு ஓரமாக, ஜோடி சேர்ந்து கிடந்தது.