பத்து வாய்க்கு ஒரு வயிறு

சத்துக்கணி சிவப்பு விளக்கைப் போட்டது. சண்முகக்கனி கட்டைவிரலை எடுத்துச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் சிவப்பு.

"இரும்புச்சத்து குறைவு. இது இரண்டாவது திங்கட்கிழமை," என்றது அது.

"மாமியாவுக்கு இன்னைக்கும் ஒம்மேலதான் கண்ணு," என்றாள் பின்னால் நின்ற ரெசினாள். வரிசையே சிரித்தது. கனிக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் சிவப்பு எரிந்தால் வேலை அட்டை போய்விடும்.

தூத்துக்குடிக்குத் தெற்கே இருந்த அந்த உப்பளத்தின் வாசலில் ஆளுயரக் கம்பமாக நின்றது சத்துக்கணி. ஊசி கிடையாது. விரல் வழியே ஒளியைப் பாய்ச்சி ரத்தத்தைப் படித்துவிடும். நேற்று என்ன தின்றாய், எது உடம்பில் ஒட்டியது, எது போதவில்லை என்று ஒன்றுவிடாமல் சொல்லும். பக்கத்து அடுக்களையில் அதன் இரும்புக் கைகள் ஆளுக்கொரு டப்பா கட்டும். டப்பாவில் அதிசயம் ஒன்றும் இருக்காது. கேழ்வரகுக் களி, பச்சைப்பயறு, சாளை மீன், அவித்த முட்டை, கீரை, மோர். யாருக்கு எது எவ்வளவு என்பதில்தான் அதன் மூளை இருந்தது. அது வந்தபிறகு வெயிலில் மயங்கி விழுந்தவர் யாருமில்லை. பெண்கள் அதை மெச்சத்தான் செய்தார்கள். வாயில் வைக்கிற ஒவ்வொன்றுக்கும் குறை சொன்னதால் மாமியா என்று பேரும் வைத்தார்கள்.

கணக்கப்பிள்ளை ஞானதுரை கனியைத் தனியே கூப்பிட்டார்.

"ஒன் டப்பால ஈரலும் முருங்கக்கீரையுமா அடைச்சுத் தருது. அது எங்க போவுது?"

"வயித்துக்குத்தான் அண்ணாச்சி."

"யாரு வயித்துக்கு?"

அவருக்கும் தெரிந்த கதைதான் அது. மத்தியானம் பத்துப் பெண்களும் டப்பாக்களை ஒரே தாம்பாளத்தில் கவிழ்ப்பார்கள். களி, மீன், பயறு, கீரை எல்லாவற்றையும் ஒருத்தி பிசைந்து, உருட்டி, நீட்டிய கைகளில் வைத்துக்கொண்டே போவாள். மெஷின் வருவதற்கு முன்பே அப்படித்தான். அதனால் கனிக்கென்று வந்த ஈரலில் பத்தில் ஒரு பங்குதான் கனிக்குக் கிடைத்தது.

"ஒரு வாரம் தனியா உக்காந்து தின்னு. நானா சட்டம் போட்டேன்? அட்டை போனா எங்கிட்ட வந்து அழாத," என்றார் ஞானதுரை.

மூத்த மகள் நர்சிங் படிக்கிறாள். கனியின் சம்பளம் நின்றால் படிப்பும் நிற்கும். கனி உப்பு அம்பாரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். ஈரலை மென்றாள், ரப்பரை மெல்வதுபோல இருந்தது. இரண்டு நாள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். மூன்றாம் நாள் எழுந்து வந்து டப்பாவைத் தாம்பாளத்தில் கவிழ்த்தாள்.

"ஏட்டி, கூறு கெட்டவளே! வேல போயிரும்டி!" ரெசினாள் அவள் கையைப் பிடித்தாள்.

"போனா வேற சோலி பாத்துக்கிடுதேன். தொண்டைய விட்டு எறங்க மாட்டேங்கு மதினி. நீ உருட்டு."

திங்கட்கிழமை காலை கனி விரலை வைத்தாள். எந்த விளக்கும் எரியவில்லை. சத்துக்கணி மற்ற ஒன்பது பெண்களின் விரல்களையும் கேட்டு வாங்கிப் படித்தது. வெகுநேரம் முனகியது. பிறகு பேசியது.

"இரண்டு நாள் ஒரு டப்பா பிரிந்தபோது பத்து ரத்தமும் மாறின. மறுபடி சேர்ந்தபோது பத்தும் பழையபடி திரும்பின. பத்துப் பேர் என்று பதிந்தது பிழை. இது ஒரே உடம்பு. எடை ஐந்நூற்று எழுபது கிலோ. ஓரிடத்தில் இரும்பு குறைவு. உடம்பில் ஒரு பகுதியை மட்டும் வேலையிலிருந்து நீக்க விதி இல்லை."

"அடியாத்தி, நம்ம மாமியாவுக்கு இப்பத்தான் கண்ணு தெறந்துருக்கு!" என்று கத்தினாள் ரெசினாள். கனி கம்பத்தைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். வாயெல்லாம் உப்பு.

அன்றிலிருந்து பத்து டப்பாக்களிலும் இரும்பு ஏறியது. முருங்கைக்கீரை, எள்ளுத் துவையல், ஈரல், கொண்டைக்கடலை, இடையிடையே கொய்யாத் துண்டு. பத்துப் பங்கிலும் கனிக்கு வேண்டியது வந்து சேர்ந்தது. ஒன்றரை மாதத்தில் பச்சை விளக்கு எரிந்தது. அன்று உப்பு வாரியவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே வாரினார்கள்.

அந்தத் தாம்பாளத்தின் வாசம் அலுவலகம் வரை போனது. ஞானதுரைக்கு மெஷின் தந்தது வெள்ளரிக்காயும் ஒரு கரண்டி தயிரும். நாற்காலியில் இருக்கிறவருக்கு அதுவே அதிகம் என்பது அதன் கணக்கு. அவர் ஒருநாள் ருசி பார்க்க வந்தார். மறுநாள் மோர் கேட்டு வந்தார். அதற்கப்புறம் காரணமே சொல்லாமல் டப்பாவைக் கவிழ்த்துவிட்டுச் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

மூன்றாவது வாரம் அவர் விரலைப் படித்த சத்துக்கணி சொன்னது: "உடம்பில் பதினோராவதாக ஒரு பகுதி சேர்ந்திருக்கிறது. மற்ற பத்துக்கும் சமமாகத் தின்கிறது. அசைவதில்லை. தினமும் இரண்டு மணி நேரம் உப்பு வார வேண்டும். தவறினால் மொத்த உடம்புக்கும் சிவப்பு."

ஞானதுரை விரலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "நான் வெள்ளரிக்காய்க்கே போயிருதேன்."

"போங்க அண்ணாச்சி, யாரு கையப் புடிச்சா? இன்னைக்குச் சாளையும் மாங்காயும்," என்றாள் கனி.

அவர் தாம்பாளத்தைப் பார்த்தார். தன் டப்பாவைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உப்புப் பாத்தியில் இறங்கினார். கனி வாருபலகையை அவர் கையில் கொடுத்து, முதுகை எப்படி வளைப்பது என்று காட்டினாள். முதல் வாரம் கை கொப்பளித்தது. இரண்டாம் வாரம் பசித்தது, அவருக்கு நினைவு தெரிந்து பசிக்காத அளவுக்குப் பசித்தது. தொப்பை வடிந்து, பெல்ட்டில் புதிதாக இரண்டு துளை போட்டார்.

அந்த மாதம் உப்பு கூடுதலாக விளைந்ததைப் பார்த்து கம்பெனி மேலாளர் தனசிங் காரில் வந்து இறங்கினார். சரியாகச் சாப்பாட்டு நேரம். முழங்கால் வரை உப்பேறிய கால்களோடு ஞானதுரை பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"இங்க என்னவே நடக்கு?" என்றார் மேலாளர். மூக்கு மட்டும் தாம்பாளத்தின் பக்கம் திரும்பியது.

"ஒரு வாய் தின்னு பாருங்க ஐயா," ரெசினாள் ஒரு உருண்டையை நீட்டினாள்.

வேண்டாம் என்று தலையாட்டியவர், கையை நீட்டி வாங்கிக்கொண்டார். தின்றார். பிறகு வெறுங்கையை மறுபடி நீட்டினார்.

கனி ஞானதுரையைப் பார்த்தாள். தின்றால் உப்பு வாரவும் வேண்டும் என்ற விஷயத்தைச் சொல்ல வேண்டியது அவர்தான். மேலாளரின் வழவழப்பான உள்ளங்கையை அவர் ஒரு கணம் உற்றுப் பார்த்தார்.

"ரெசினா, ஐயாவுக்கு மீன நெறைய வச்சு உருட்டு," என்றார். "நாளைக்கும் வரணும்லா."