ஊதா நிறச் சுண்ணாம்பு

சந்தவாசலில் நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது காலை எட்டு மணி. என் கணவர் மைக்கேல்ராஜ் தோளில் தார்ப்பாய்ப் பை, என் கையில் முதலுதவிப் பெட்டி. கரும்புக் கொல்லைக்கு நடுவே இருந்த கிணற்றைச் சுற்றி ஊரே நின்றிருந்தது. வருஷம் 1983, வைகாசி மாதம்.

மோட்டார் குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட்வால்வைச் சரிசெய்ய மூச்சடக்கி முழுகிய சுப்பன் என்பவர் மேலே வரவில்லை. அதற்குள் பத்து நாள் ஆகியிருந்தது. மிதக்க வேண்டிய உடம்பு மிதக்கவும் இல்லை. அடியில் பக்கவாட்டில் ஒரு குடைவு உண்டு, அதில் மாட்டியிருக்கலாம் என்றார்கள். கம்ப்ரசர் குழாயோடு இறங்கியவர்கள் விட்ட குமிழிகள் பாறை இடுக்கில் இருந்த சேற்றையெல்லாம் உதிர்த்து, தண்ணீரைக் கலக்கிவிட்டன. கை வைத்த இடம்கூடத் தெரியவில்லையாம்.

குமிழி விடாமல் முழுகுகிறவர் ஆரணியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, சுப்பனின் மனைவி சின்னம்மா எங்களைத் தேடி வந்தார்.

என் கணவர் கடற்படையில் பதினைந்து வருஷம் முக்குளிப்பவராக இருந்தவர். சென்னையில் கப்பல் உடைசல் விற்கும் ஒருவரிடமிருந்து பழைய மூச்சுச் செட் ஒன்றை வாங்கி வந்திருந்தார். மார்பில் ஒரு ரப்பர் பை, முதுகில் ஒரு டப்பா, ஒரு சிறிய ஆக்சிஜன் சிலிண்டர். விட்ட மூச்சு வெளியே போகாது. டப்பாவிலுள்ள சுண்ணாம்புக் குருணை அதிலிருக்கும் கெட்ட காற்றை உறிஞ்சிக்கொள்ள, மிச்சம் பைக்குத் திரும்பி வரும். குறைந்ததை ஆக்சிஜன் ஈடுகட்டும். வெள்ளைக் குருணை வேலை செய்யச் செய்ய ஊதாவாகும். முழுக்க ஊதாவானால் அதற்கு மேல் அந்த மூச்சு விஷம்.

குருணையை நிரப்புவது என் வேலை. நான் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். மயக்க மருந்து மெஷினுக்கும் அதே குருணைதான்.

அன்று அவர் இறங்கியதும் கூட்டம் அடங்கிப்போனது. தண்ணீரில் ஒரு குமிழிகூட வரவில்லை.

"இன்னாடி இது, ஆளு கீறாரா இல்லியா?" என்று ஒருத்தி கிசுகிசுத்தாள்.

ஒரு டப்பா குருணை இரண்டு மணி நேரம் தாங்கும். ஒரு மணி நேரம் ஆனதும் அவர் கயிற்றைப் பிடித்து மேலே வந்துவிட்டார். உதடு வெளுத்து, தலைவலியில் கண் திறக்க முடியாமல் கிடந்தார். டப்பாவைத் திறந்தேன். அடிவரை ஊதா.

இரண்டு பேர் மூச்சுவிட்டால்தான் ஒரு மணி நேரத்தில் அப்படி ஆகும்.

பஸ்ஸில் திரும்பும்போது அவர் கேட்டார். "ராணி, நெசத்தச் சொல்லு. பழைய குருணையப் போட்டியா?"

"நான் ஏங்க போடப் போறேன்?"

"நான் தண்ணில எறங்கறது உனக்குப் புடிக்கல. அது எனக்குத் தெரியாதா?"

பிடிக்காததென்னவோ உண்மை.

குடைவின் வாய் வரைக்கும் போய்விட்டதாகவும், உள்ளே போக இன்னும் ஆழமாக இறங்க வேண்டும் என்றும் சொன்னார். சுத்த ஆக்சிஜனோடு அந்த ஆழத்துக்குப் போனால் வலிப்பு வந்துவிடும். ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் செட்டை மாற்றிக் கட்டினார். சாதாரணக் காற்று அடைத்த இரண்டாவது சிலிண்டரைச் சேர்த்து, கையால் திருகும் வால்வு வைத்தார். லேத் பட்டறை தேவநேசன் பித்தளையில் பெரிய டப்பா கடைந்து கொடுத்தார். எங்கேயாவது கசிகிறதா என்று பார்க்க, தினமும் சாயங்காலம் புதுக் குருணை நிரப்பி, பையை ஊதவைத்து, ஆக்சிஜனை இழையளவு திறந்துவிட்டு முன்னறை ஆணியில் மாட்டுவார்.

மறுநாள் காலையில் பார்த்தால் குருணை ஊதாவாக இருந்தது.

அடுத்த நாளும்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கேள்விகூட இல்லை. முடிவே கட்டிவிட்டார். எனக்கும் அவர்மேல் சந்தேகம் இருந்தது. சுத்த ஆக்சிஜன் சிலரை இழுக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் தூங்கியதும் இந்த மனுஷன் அதை வாயில் வைத்துக்கொள்கிறாரோ? டப்பாவைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. மூச்சு ஏறினால்தான் குருணை சூடாகும்.

மூன்றாம் நாள் வாய்க்குழலைப் பிளாஸ்திரியால் ஒட்டி, மேலே மையால் கையெழுத்துப் போட்டேன். காலையில் பிளாஸ்திரி அப்படியே இருந்தது. கையெழுத்தும் கலையவில்லை.

குருணை மட்டும் ஊதா.

இரண்டாம் முறை இறங்குவதற்கு முந்தின நாள், நான் மத்தியானமே டூட்டி முடிந்து வந்துவிட்டேன். அவர் அன்று முன்கூட்டியே செட்டை நிரப்பி மாட்டிவிட்டு, தேவநேசன் பட்டறைக்குப் போயிருந்தார். தெரு முழுக்கத் தறிச் சத்தம். எதிர்வீட்டில் பாவுக்குக் கஞ்சி போடும் புளித்த வாடை. அதையும் மீறி முன்னறையில் வேறொரு வாசனை அடித்தது. சேறு, பாசி, துருப்பிடித்த இரும்பு.

ஆணியில் தொங்கிய பை மெல்ல உப்பியது.

பிறகு மெல்ல வற்றியது.

காற்றுக் கசிவாக இருக்கும் என்று நினைத்துக் கிட்டே போனேன். மறுபடி உப்பியது. வற்றியது. பிளாஸ்திரி ஒட்டிய வாய்க்குழல் பக்கம் யாருமில்லை. என்னையறியாமல் வாட்சைப் பார்த்து எண்ணினேன். நிமிஷத்துக்குப் பதினாறு. ஆரோக்கியமான மனுஷனுடைய மூச்சு.

"யாரு?" என்றேன்.

பை பாதியில் நின்றது.

கேட்பதுபோல நின்றது.

பிறகு வேகவேகமாக உப்பி வற்றத் தொடங்கியது. பேச வாய் வராதவன் எதையோ சொல்ல முயல்வதைப் போல இருந்தது. எட்டி ஆக்சிஜன் வால்வை இறுக மூடினேன். டப்பாவைத் திருகிக் கழற்றிக் குருணையைக் கொல்லைப்புறத்தில் கொட்டினேன். டப்பா கழன்ற குழாயின் வாயை வலது உள்ளங்கையால் அடைத்துக்கொண்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

பை ஒட்டிப்போனது. உள்ளுக்குள் இழுத்தது. என் உள்ளங்கையை இழுத்தது. குழாய் அடைத்துக்கொண்ட நோயாளிகளைத் தியேட்டரில் பார்த்திருக்கிறேன். அதே இழுப்பு. நாற்பது வரை எண்ணினேன். இடைவெளி கூடியது. ஒரு பெரிய இழுப்பு. அப்புறம் இல்லை.

சுவர்க் கடிகாரம் நாலேகால் காட்டியது.

அவர் வருவதற்குள் புதுக் குருணை நிரப்பிப் பழையபடி மாட்டிவிட்டேன்.

காலையில் டப்பாவைத் திறந்து பார்த்தவர், நெடுநேரம் அதையே பார்த்தார். குருணை பால்போல வெள்ளையாக இருந்தது.

"இன்னிக்கு மட்டும் நிறுத்திட்டியா?" என்றார்.

கிணற்றடியில் போலீஸ்காரர் ஒருவரும் இருந்தார். இந்த முறை என் கணவர் ஒன்றரை மணி நேரம் கீழே இருந்தார். கயிற்றை மூன்று முறை அசைத்தார். இழுத்தார்கள். வந்தது சுப்பன்.

சின்னம்மா அலறிக்கொண்டு ஓடிவந்து, பாதியில் நின்றுவிட்டார். கூட்டமும் பின்வாங்கியது.

உடம்பு ஊதவில்லை. தோல் உரியவில்லை. பதினெட்டு நாள் தண்ணீரில் கிடந்த முகத்தில் தாடி அடர்ந்து முளைத்திருந்தது. கை கால் விறைத்திருந்தன. வாய் மட்டும் எதையோ கவ்வியிருந்ததைப் போலத் திறந்திருந்தது.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்த டாக்டர் வெளியே வந்து போலீஸ்காரரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "இந்த ஆளு செத்து ஒரு நாள்கூட ஆகலைய்யா. நேத்து சாயங்காலம்தான். மூச்சு முட்டிச் செத்திருக்கான். பதினேழு நாளா எங்க இருந்தான்னு விசாரிங்க."

விசாரித்தார்கள். சின்னம்மாவைத்தான் மூன்று நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். எங்கேயோ ஒளித்து வைத்திருந்து கொன்றாள் என்று ஊர் பேசியது. என் கணவரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"கொடைவுக்குள்ள மேல காத்து நிக்க எடம் இருந்துச்சா?"

"ஒரு சாண்கூட இல்ல சார். முட்ட முட்டத் தண்ணி."

சாட்சி எதுவும் கிடைக்காமல் விட்டுவிட்டார்கள். விட்ட அன்றே சின்னம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"நர்ஸம்மா, எல்லாரும் என்னைத்தான் சந்தேகப்பட்டுகினு கீறாங்க. நீங்க படிச்சவங்க. அந்தாளு எப்பம்மா செத்தாரு? நீங்க சொன்னா நம்பிக்கிறேன்."

"முதல் நாளே போயிருப்பாரு சின்னம்மா. கஷ்டப்பட்டிருக்க மாட்டாரு" என்றேன்.

அவர் என் வலது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். எந்தக் கை என்று அவருக்குத் தெரியாது.

என் கணவர் அதற்குப் பிறகு தண்ணீரில் இறங்கவில்லை. செட்டைத் துண்டு துண்டாக அறுத்துக் களம்பூர் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார். குருணையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் நான் கொடுக்கும் காப்பியை அவர் முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்கிறார்.

சாயங்காலம் ஏழு மணிக்கு முன்னறையில் மாதா படத்துக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபம் சொல்கிறோம். ஜன்னல் சாத்தியிருக்கும். மின்விசிறி ஓடாது. சுடர் எங்கள் பக்கமாகச் சாய்கிறது, நிமிர்கிறது. மறுபடி சாய்கிறது. அவர் கண்ணை மூடியே வைத்திருப்பார். நான் வாட்சைப் பார்ப்பதில்லை.

மெழுகுவர்த்தியை நாங்கள் ஊதி அணைப்பதில்லை. ஆமென் சொன்னதும் யாரோ அணைத்துவிடுகிறார்கள்.