நரித்திட்டுப் பாதையில் முறிந்த போல்ட்டு

"ஏறுங்கல! கடல் திரும்பி ஏறுறதுக்குள்ள இன்னாசியக் கூட்டிட்டு வந்துரணும்!"

பிலோமினா ஜீப்பை உறுமவிட்டாள். அவளுடைய தம்பி இன்னாசி, மூழ்கிப்போன கப்பலொன்றின் வெண்கல மணியைத் தேடி நேற்று கடலுக்குள் இருக்கும் நரித்திட்டுக்குப் போனவன். இன்று விடிந்ததும் அவனுடைய வள்ளம் மட்டும் ஆளில்லாமல் கரை ஒதுங்கியது. இன்றோ பௌர்ணமி. மாலையில் கடல் ஏறினால் திட்டே முழுகிவிடும்! நீர் வற்றிய சேற்றுவெளியில் படகு ஓடாது. ஜீப்தான் ஒரே வழி.

முன்னால் அவளோடு படித்த மீரான். பின்னால் சித்தப்பா மகன் சூசை. பாதி தூரம் தாண்டியிருப்பார்கள்.

"படார்!"

ஜீப் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. மூவரும் குதித்தார்கள். பின்சக்கரத்தின் இருசை வில்பட்டையோடு சேர்த்துப் பிடிக்கும் இரண்டு யூ போல்ட்டுகளில் ஒன்று முறிந்து, இருசு பின்னால் நகர்ந்திருந்தது.

"போன மாசந்தான வெள்ளிப் பெயிண்ட் அடிச்சேன்! சப்பரத்து அன்னைக்குப் பளபளன்னு இருந்துச்சே!" என்றான் சூசை.

"துருவுக்குப் பவுடர் போட்டு விட்டிருக்க, மாப்பிள்ளை!" என்றான் மீரான். அவன் எப்போதோ வாங்கித் தந்த புது போல்ட்டுகள் கருவிப்பெட்டியிலேயே கிடந்தன. பழசு புதுசுபோல மின்னியதால் யாரும் மாட்டவில்லை.

பலகையைச் சேற்றில் போட்டு அதன்மேல் ஜாக்கியை வைத்து வண்டியைத் தூக்கினார்கள். முறிந்த போல்ட்டின் நட்டு அசையவே இல்லை. பிலோமினா ரம்பத்தால் அறுத்தெறிந்தாள். மூவரும் தம் கட்டி இருசைத் தள்ள, வில்பட்டையின் நடு ஆணி தன் குழியில் 'டக்'கென்று உட்கார்ந்தது. புது போல்ட்டு ஏறியது.

"கெளம்புவோம்க்கா! அங்க பாரு, வாய்க்கால்ல தண்ணி வந்துட்டு!" சூசை கத்தினான்.

பிலோமினா நகரவில்லை. மற்ற போல்ட்டும் பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் முறிந்ததும் அப்படித்தானே இருந்தது?

"இதையும் மாத்தணும்."

"பைத்தியமா பிலோ? அங்க ஒன் தம்பி!" என்றான் மீரான்.

"அதுக்காகத்தான்ல! திரும்பி வரும்போது தண்ணிக்குள்ள இது போச்சுன்னா நாலு பேரும் காலி. சுத்தியல எடு!"

ஒரே அடி! போல்ட்டு பிஸ்கட்போல உடைந்து விழுந்தது. பெயிண்டுக்கு உள்ளே வெறும் செந்தூள்.

அந்த இடத்திலும் புது போல்ட்டை ஏற்றினார்கள். மரைகளில் கிரீஸ் அப்பி, புது நட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக முறுக்கினார்கள். சற்றுத் தூரம் ஓட்டி, இறங்கி மறுபடியும் முறுக்கினாள் பிலோமினா. பிறகு விட்டாள் பாருங்கள் வேகம்!

திட்டின் உச்சியில் இன்னாசி உதடு வெடித்துக் கிடந்தான். கையில் பாசி பிடித்த மணி!

"வள்ளத்த ஒழுங்காக் கட்டத் தெரியாதவனுக்கு மணி ஒரு கேடா?" என்று திட்டியபடி அவனை அள்ளி வண்டியில் போட்டாள். திரும்பும்போது தண்ணீர் சக்கரத்தில் பாதிக்கு ஏறிவிட்டது. ஜீப் குலுங்கியது, வழுக்கியது. புது போல்ட்டுகள் மட்டும் இம்மியும் அசையவில்லை.

கரையில் ஊரே திரண்டிருந்தது. மணியை அடித்துப் பார்க்கப் பிள்ளைகள் முண்டியடித்தார்கள். இன்னாசி வயிறு நிறையத் தண்ணீர் குடித்ததும், பிலோமினா அடுத்த குடத்தைத் தூக்கி ஜீப்புக்கு அடியில் ஊற்றினாள்.

"ஏளா! குடிக்கிற தண்ணிய வண்டிக்கு ஊத்துறியே! கெணத்துத் தண்ணி இல்லையா?" பக்கத்து வீட்டு ரெஜினா சித்தி பதறினாள்.

"அந்த உப்புத் தண்ணிய வாராவாரம் ஊத்தித்தான் சித்தி போல்ட்டு செத்துச்சு. ஒங்க குடத்த நாளைக்கு நானே நிரப்பித் தாரேன்."

சூசை பெயிண்ட் டப்பாவைத் தூர வைத்துவிட்டு, கம்பித் தூரிகையோடு வண்டிக்கு அடியில் புகுந்தான்.