தேங்காய்ப்பூத் துண்டு

நாற்காலி முதுகில் விரித்திருந்த வெள்ளைத் தேங்காய்ப்பூத் துண்டின் மேல் விளிம்பில், நேற்றுவரை இல்லாத பழுப்புக் கோடு ஒன்று ஓடியது.

தூசி என்று எண்ணித்தான் உக்கிரபாண்டி அதில் சாய்ந்து உட்கார்ந்தார். மேலூர்ச் சாலையில் கிரானைட் லாரிகள் ஓயாமல் போகும், தூசிக்குக் குறைவில்லை. கரண்டு போய் அரைமணி நேரம். மின்விசிறி நின்ற அறையில் சாணி வாடையும் ஸ்பிரிட் நெடியும் அசையாமல் தேங்கிக் கிடக்க, ஜன்னலுக்கு அப்பால் சோதனைக் கன்று ஒன்று சுவரில் விடாமல் உடம்பைத் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது.

நாலு தலைமுறையாக மாட்டு வைத்தியம் பார்த்த குடும்பம் அவருடையது. இந்த உண்ணி ஆராய்ச்சி நிலையத்தில் முப்பது வருடம். துண்டு போட்ட நாற்காலி நிலையத் தலைவரான அவர் ஒருவருக்குத்தான். திங்கட்கிழமை முதல் அது இளம் ஆராய்ச்சியாளர் சத்யப்ரியாவுக்கு. வந்து இரண்டே வருடம். ஊரில் ஆட்களைச் சாய்த்த காய்ச்சல் மாட்டு உண்ணியால் வந்தது என்று கண்டுபிடித்தாளாம். மேடையில் அவளைப் புகழ்ந்தபோது இவரும் கைதட்டினார். வயிறு எரிந்தது.

நேற்று மாலை, காய்ச்சல் கிருமி ஏறிய அவளது உண்ணிக் குஞ்சுகளின் குழாயைத் திறந்து கவிழ்த்தது அவர்தான். காய்ந்த தரையில் செத்துவிடும் என்று நினைத்தார். சிந்தியதைத் துடைக்க அவசரத்தில் கிடைத்தது இந்தத் துண்டு. உதறி, மறுபடி நாற்காலியில் போட்டார். துண்டு இல்லாத நாற்காலியைப் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. வியர்வைதான்.

வாசலில் சத்யப்ரியா நின்றாள்.

“சார், காய்ச்சல் டியூபு காலியாக் கெடக்கு. அம்புட்டும் வெளிய போயிருச்சு.”

“உனக்குத்தான் எல்லாம் தெரியுமே தாயி. நீயே கண்டுபிடி.”

“வாட்ச்மேன் கருத்தக்கண்ணன் அண்ணே சொன்னாரு, நேத்து கடைசியாப் போனது நீங்கன்னு. யாரு தொட்டிருந்தாலும் இன்னைக்கே மருந்து ஆரம்பிச்சாப் பொழச்சுக்கலாம் சார். நான் வெளிய சொல்லமாட்டேன்.”

இவள் பிழைக்கவைப்பாளாம். அவரை.

பார்வையைத் தாழ்த்தினார். மேசைமேல் அவர் கை. கையில் நரைத்த முடி. ஒவ்வொரு முடியின் நுனியிலும் ஒரு பழுப்புப் புள்ளி. உண்ணிக் குஞ்சு புல்நுனியில் ஏறி மாட்டுக்காகக் காத்திருக்குமே, அப்படி.

மூச்சை அடக்கினார். அவை அசையவில்லை. இரையைக் கண்டுகொள்ள உண்ணிக்குக் கண் தேவையில்லை, மூச்சுக்காற்றே போதும், பட்டதும் முன்னங்காலை விரித்துப் பற்றிக்கொள்ளும் என்று எத்தனை மாணவர்களுக்குச் சொல்லியிருப்பார்.

கன்று தேய்ப்பது நின்றுவிட்டது.

“தொட்டீங்களா சார்?”

ஒரு சொல். நாலு தலைமுறை. துண்டு.

“இல்ல,” என்றார்.

அந்த மூச்சு கையில் பட்டது. எல்லா முடி நுனியிலும், ஒரே நேரத்தில், முன்னங்கால்கள் விரிந்தன.