தாளம் நின்ற சுரங்கப்பாதை

தாளம் நின்றபோது, தன் நோய் முற்றிவிட்டது என்றுதான் குணசுந்தரி முதலில் நினைத்தாள்.

இரண்டு ரயில் நிலையங்களை இணைக்கும் நீண்ட சுரங்கப்பாதையில் அவளும் மகள் பூவிழியும் போய்க்கொண்டிருந்தார்கள். மேலே காலையிலிருந்து விடாத மழை. பாதை நெடுக நின்ற தாளத்தூண்கள் வழக்கம்போலத் தரைக்குள் அதிர்வை அனுப்பிக்கொண்டிருந்தன. அதைக் காதைவிட உள்ளங்கால்தான் நன்றாகக் கேட்கும். தும்... தும்... தும். ஒவ்வொரு தும்முக்கும் பாதையிலிருந்த அத்தனை கால்களும் ஒன்றாக எழுந்து ஒன்றாக இறங்கின. யாரும் யாரையும் இடிக்கவில்லை.

பிறகு அடுத்த தும் வரவில்லை.

குணசுந்தரியின் பாதங்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. உடம்பு முன்னே போகப் பார்த்தது, கால் வரவில்லை. பார்க்கின்சன் நோய் வந்த புதிதில் தினமும் அனுபவித்த பயம் இது. தூண்கள் வந்தபிறகு மறந்தே போயிருந்தாள். காலையில் மாத்திரை போட்டோமா? மகளிடம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு மெல்லத் தலையை நிமிர்த்தினாள்.

பாதையில் ஒருவர்கூட நடக்கவில்லை.

ஒரு காலைத் தூக்கியபடி நின்றவர்கள் தடுமாறி ஊன்றிக்கொண்டார்கள். கைகள் அசைந்தன, தலைகள் திரும்பின, பேச்சு எழுந்தது. கால்கள் மட்டும் அப்படியே இருந்தன.

"அம்மா," என்றாள் பூவிழி. குரல் மெலிந்திருந்தது. "என் காலு வரலம்மா."

தாளத்தூண் குணசுந்தரியைப் போன்றவர்களுக்காகத்தான் வந்தது. நடக்க வேண்டுமென்றால் மூளைக்குள் ஒரு தாளம் ஓட வேண்டும். இந்த நோய் அதை மழுங்கடித்துவிடும். வெளியிலிருந்து சீரான ஒலி கொடுத்தால், மூளை வேறு வழியாக அதைப் பிடித்துக்கொண்டு காலை நகர்த்திவிடும். ஆரம்பத்தில் நோயாளிகளின் காதுக்குள் மட்டும் ஒலித்தது. அப்புறம் மருத்துவமனை வராந்தாக்களில். தாளத்தோடு நடந்தால் களைப்பு தெரிவதில்லை, நெரிசலும் இல்லை என்று கண்டுகொண்ட நகரம் அதைத் தெருவுக்கும் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் கொண்டுவந்தது. பூவிழி நடை பழகியதே தூண்களின் தாளத்தில்தான். ஆரோக்கியமான மூளைகளுக்குள் இருந்த தாளத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. வேலையில்லாமல் அது தூங்கிவிட்டது. தூண்கள் ஒருநாளும் நிற்காததால் யாருக்கும் அது தெரியவில்லை.

பின்பக்கப் படிக்கட்டிலிருந்து சலசலவென்று சத்தம் கேட்டது. யாரோ கத்தினார்கள்: "தண்ணி! தண்ணி உள்ள வருது!"

கால்வாய் உடைந்திருக்க வேண்டும். பழுப்பு நிறத்தில் வந்த நீர் முதலில் செருப்புகளை நனைத்தது, பிறகு கணுக்காலைத் தொட்டது. முன்னால் நின்ற பருமனான மனிதர் ஒருவர் உடம்பை முன்னே சாய்த்துப் பார்த்தார். கால் நகராததால் முகம் குப்புற விழுந்தார். பக்கத்தில் நின்றவர்கள் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். அவருக்கு மூக்கில் ரத்தம். அதைப் பார்த்ததும் அழுகையும் கூச்சலும் பாதை முழுக்கப் பரவின.

"மனசுக்குள்ள ஒரு பாட்டு ஓட விடு," என்றாள் குணசுந்தரி. "உடம்ப இடதும் வலதுமா ஆட்டு. முன்னால ஒரு கோடு இருக்கிறதா நெனச்சிக்கிட்டு அதத் தாண்டு."

தானே செய்து காட்டினாள். தூண்கள் வருவதற்கு முன் மாதக்கணக்கில் பழகிய வித்தை. ஒரு கால் பிரிந்தது, மறு கால் தொடர்ந்தது. பூவிழி ஆடினாள், கண்ணை மூடினாள், பல்லைக் கடித்தாள்.

"பாட்டு நிக்க மாட்டேங்குதும்மா. ஆரம்பிச்ச உடனே அறுந்துபோவுது."

குணசுந்தரி எல்லோருக்கும் கேட்கும்படி எண்ணிச் சொல்லப் பார்த்தாள். நோய் அவள் குரலையும் தின்றிருந்தது. அடுத்த ஆளுக்கே கேட்கவில்லை. தண்ணீர் முழங்காலை நெருங்கியது. சுவரோரம் மூடிக் கிடந்த ஒரு கடையின் ஷட்டர் கண்ணில் பட்டது. அங்கே போய்த் தன் கைத்தடியால் ஓங்கி அடித்தாள்.

டமார்.

எல்லோரும் திரும்பினார்கள். மறுபடி அடித்தாள். மறுபடி, அதே இடைவெளியில். நாலைந்து அடிக்குப் பிறகு கூட்டத்தில் ஒரு கால் எழுந்தது. பிறகு நூறு கால்கள். நீரைக் கிழித்துக்கொண்டு கூட்டம் எதிர்ப்பக்கப் படிக்கட்டை நோக்கி நகரத் தொடங்கியது.

"நீயும் போடி!"

"உன்ன விட்டுட்டா? மாட்டேன்." பூவிழி அந்த அடிகளிலேயே நடந்து வந்து ஷட்டரின் பூட்டுக் கொக்கியைப் பற்றிக்கொண்டாள். ஒவ்வொரு அடிக்கும் அவள் கால்கள் நின்ற இடத்திலேயே ஏறி இறங்கின.

கொஞ்ச நேரத்தில் குணசுந்தரியின் கை சொல்பேச்சுக் கேட்கவில்லை. இந்த நோயில் கை அப்படித்தான்: ஒரே வேலையைத் திரும்பச் செய்யச் செய்ய வீச்சு குறுகும், வேகம் தானாகக் கூடும். டமார் என்பது டம் ஆயிற்று, டம்டம் ஆயிற்று.

படிக்கட்டைப் பார்த்தாள். அத்தனை பேரும் முன்னால் வளைந்திருந்தார்கள். கைகள் வீசாமல் உடம்போடு ஒட்டியிருந்தன. குட்டிக் குட்டி அடிகளாகப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டு, விழப்போகிறவர்களைப்போல ஓடினார்கள். அது அவளுடைய நடை. கண்ணாடியில் பார்த்து அவள் அழுத அதே நடை. படியில் முதல் வரிசை சரிந்தது. பின்னால் வந்தவர்கள் அவர்கள்மேல் ஏறப்போனார்கள்.

அடிப்பதை நிறுத்தினாள். கூட்டம் உறைந்தது.

"குடு, நான் அடிக்கிறேன்," என்று பூவிழி கைத்தடியை வாங்கினாள். இளம் கை, பலமான அடி. ஆனால் இரண்டாவது அடி சீக்கிரம் விழுந்தது, மூன்றாவது வரவே இல்லை. எழுந்த கால் எப்போது இறங்குவதென்று தெரியாமல் கூட்டம் அலறியது.

"எப்ப அடிக்கணும்னே தெரியலம்மா!" அவள் அழுதாள். "எனக்குள்ள ஒண்ணுமே இல்ல!"

நோயுற்ற அந்த ஒரு மூளையைத் தவிர, அந்தச் சுரங்கத்தில் தாளம் வேறு எங்கும் இல்லை. குணசுந்தரி தடியைத் திரும்ப வாங்கினாள். கை ஓடத் தொடங்கும்போது நிறுத்தினாள். மூச்சுவிட்டு, மனதுக்குள் பாடி, மறுபடி தொடங்கினாள். தவணை தவணையாகக் கூட்டம் மேலேறியது. ஒவ்வொரு முறையும் நல்ல அடிகள் குறைந்துகொண்டே வந்தன. கடைசி ஆட்கள் படியேறியபோது தண்ணீர் இடுப்பில் இருந்தது. மகள் தன் இடுப்பைக் கட்டிக்கொள்ள, சுவரைத் தட்டிக்கொண்டே அவளும் நடந்தாள்.

மேலே வந்தபோது பிழைத்தோம் என்று நினைத்தாள்.

தெருவில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நகரத்தின் தூண்களையெல்லாம் இயக்கும் தாள நிலையமே மூழ்கிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். சாலை முழுக்க மனிதர்கள் நின்றார்கள். கடை வாசல்களில், பேருந்துப் படிகளில், சாலையைக் கடக்கும் வெள்ளைக் கோடுகளின் நடுவில். ஓட்டுநரில்லாத வண்டிகள் அவர்களுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தன. தண்ணீர் இங்கேயும் ஏறத் தொடங்கியிருந்தது. சுரங்கத்திலிருந்து வந்தவர்கள் படிக்கட்டின் வாயில் நின்றபடி அவளைப் பார்த்தார்கள்.

"அடிங்கம்மா," என்றார் மூக்கில் ரத்தம் காய்ந்திருந்த மனிதர். "எங்கள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"அடிங்கம்மா," என்றார்கள் மற்றவர்களும்.

அவளுக்கு அழுகை வந்தது. தோளிலிருந்து விரல் வரை பலம் இல்லை. நடைபாதைக் கல்லில் தடியை ஊன்றி, சற்று நேரம் ஓய்வெடுக்கலாம் என்று கையைத் தளரவிட்டாள். ஓய்வில்தான் அவள் கை நடுங்கும். விரல்கள் துள்ளத் தொடங்கின. தடியின் முனை கல்லில் கடகடவென்று வேகமாகத் தட்டியது.

மூக்கில் ரத்தம் காய்ந்திருந்தவரின் குதிகால் துடித்தது. பக்கத்துப் பெண்ணின் குதிகாலும். பிறகு அந்த வரிசை, அதற்குப் பின்வரிசை. ஒரு அடிகூட முன்னே வைக்காமல், நூற்றுக்கணக்கான பாதங்கள் தேங்கிய மழைநீரில் நடுங்கின.

"அம்மா, நிறுத்தும்மா!"

"முடியலடி... இது நான் பண்றது இல்லடி."

பூவிழி கையை நீட்டித் தடியைப் பிடுங்கித் தூர எறிந்தாள். சத்தம் நின்றது. மழை மட்டும் கேட்டது.

குதிகால்கள் நிற்கவில்லை. தூங்கிக் கிடந்த அத்தனை மூளைகளும் கிடைத்த ஒரே தாளத்தை இறுகப் பற்றிக்கொண்டுவிட்டன. பூவிழி குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். அவையும் துடித்துக்கொண்டிருந்தன. அம்மாவின் தோளை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள்.