பன்னிரண்டு கட்டில்... பதின்மூன்று தாள்!

"ஐயோ...!"

ஏழாம் நம்பர் அறையிலிருந்து கிளம்பிய அலறல், அந்த முதியோர் காப்பகத்தையே ஒரு உலுக்கு உலுக்கியது.

மேனேஜர் அறையில் பதிவேடு புரட்டிக்கொண்டிருந்த ஆய்வு அதிகாரி எழுந்து ஓடினாள். காப்பகங்களில் கவனிப்பு எப்படி இருக்கிறது என்று பார்த்து மார்க் போடுவது அவள் உத்தியோகம். மார்க் குறைந்தால் உரிமம் காலி! அதனால் போகிற இடமெல்லாம் விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடுதான் வரவேற்பார்கள்.

கட்டிலில் டைப் வாத்தியார்.

எழுபத்தெட்டு வயது. தட்டச்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கண் திறந்திருந்தது... மூச்சு இல்லை. அலறிய துப்புரவுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

மணி பத்து பத்து.

பத்தரைக்கு அவர் அதிகாரியிடம் பேசுவதாக இருந்தது! அவர் எழுதிய புகார்க் கடிதம்தான் இந்த ஆய்வுக்கே காரணம். 'மூன்றாம் நம்பர் அம்மாள் படுக்கைப் புண் அழுகிச் செத்தார். யாருடைய அலட்சியம் என்று நேரில் சொல்கிறேன்.'

சொல்ல வேண்டியவர் போய்விட்டார்.

"ஹார்ட் அட்டாக்," என்றார் பின்னாலேயே வந்த மேனேஜர். நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லை. "டாக்டருக்குப் போன் போடறேன். மத்தியானமே தகனம்."

"மத்தியானமா? பெத்த மக வர வேணாமா?"

"மக ஊர்ல இல்ல. வர்றதுக்கு நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் நீங்க வெச்சிருக்கீங்களா?"

"போலீஸ் வரட்டும் சார். அப்புறம் பேசலாம்."

மேனேஜரின் குரல் தடித்தது. "மேடம்... நீங்க மார்க் போட வந்தீங்க. போட்டுட்டுக் கிளம்புங்க! இங்க வாரத்துக்கு ஒருத்தர் போவாங்க. ஒவ்வொருத்தருக்கும் போலீஸைக் கூப்பிட்டா ஸ்டேஷனை இங்கயே கட்டணும்."

அவள் போலீசுக்குப் போன் செய்தாள்.

மேனேஜர் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய தாளை வெடுக்கென்று உருவி நீட்டினார். படுக்கைப் புண் வராமலிருக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைத்தார்களா, என்ன குடித்தார் என்று நர்ஸ் எழுதும் தாள்.

"நல்லா பாருங்க! ஆறு மணி, வலது பக்கம். எட்டு மணி, இடது பக்கம், பால். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. எவ்வளவு ஒழுங்கு!"

"அந்த ஒழுங்குதான் சார் இடிக்குது."

காலை ஒன்பது மணிக்கு வந்ததுமே அவள் பன்னிரண்டு கட்டில்களின் தாளையும் பார்த்திருந்தாள். பதினோரு தாள்களில் சாயங்காலம் ஆறு மணி வரை ரொம்பியிருந்தது! ஏழாம் நம்பர் மட்டும்தான் எட்டு மணியோடு நின்றிருந்தது. ஒரு கட்டிலையாவது உண்மையாகக் கவனிக்கிறார்களே என்று அப்போது அவள் சந்தோஷம்கூடப் பட்டாள்.

"சிஸ்டர், இங்க வாங்க!"

நர்ஸ் வந்தாள். அவள் முகமும் உர்ரென்றுதான் இருந்தது.

"அஞ்சாம் நம்பர் தாத்தா சாயங்காலம் ஆறு மணிக்கு சூப் குடிச்சிட்டாராமே? இப்ப மணி பத்தேகால்!"

"காலைலயே எல்லாத்தையும் எழுதி வெச்சிடுவேன். அதுக்கென்ன இப்போ?" சீறினாள் நர்ஸ். "பன்னெண்டு பேருக்கு நான் ஒருத்தி! திருப்பிப் போடவா, எழுதிட்டு உக்காரவா?"

"பதினோரு பேருக்கு ஆறு மணி வரைக்கும் எழுதினீங்க. இவருக்கு மட்டும் எட்டோட நிறுத்திட்டீங்க. இவர் பத்து மணியைத் தாண்ட மாட்டார்னு காலைலயே உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நர்ஸின் முகம் வெளுத்தது.

"பன்னெண்டு பேருக்கும்தான் எழுதினேன்... சத்தியமா! இது நான் எழுதின தாளே இல்ல!"

"பொய்!" கத்தினார் மேனேஜர். "பால் குடுத்ததே இவதான்!"

"நானா? இன்னிக்கு நானே குடுக்கறேன்னு டம்ளரை வாங்கிட்டுப் போனது யாரு சார்?"

அதிகாரி நர்ஸ் பக்கம் திரும்பினாள்.

"சிஸ்டர், புதுத் தாள் வேணும்னா எங்க கிடைக்கும்?"

"இவர் பீரோவுலதான். காலைல எண்ணிப் பன்னெண்டு குடுப்பார். ஒண்ணு கிழிஞ்சா, கிழிஞ்சதைக் கொண்டுபோய்க் காட்டினாத்தான் இன்னொண்ணு. மகா கஞ்சன்! சாவி அவர் இடுப்பை விட்டு இறங்காது."

மேனேஜரின் கை தானாக இடுப்புக்குப் போனது!

அதிகாரி அவரை நேராகப் பார்த்தாள்.

"செத்துப்போனவர் சாயங்காலம் சூப் குடிச்சார்னு தாள்ல இருந்தா மாட்டிப்பீங்க. செத்தப்புறம் மாத்தலாம்னா கட்டிலைச் சுத்திக் கூட்டம் நிக்கும். அதனால பாலைக் குடுத்த கையோட, பதிமூணாவது தாளை எழுதி மாட்டிட்டீங்க. இந்தக் காப்பகத்துலயே ஒழுங்கா எழுதின ஒரே தாள்... கொலைகாரன் எழுதினது!"

மேனேஜர் கதவை நோக்கிப் பாய்ந்தார். பக்கத்துத் தெரு ஸ்டேஷனிலிருந்து வந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றிருந்தார்.

அரை மணி நேரத்தில் மேனேஜர் அறையில் பீரோ திறந்தது. உள்ளே நான்கு காலித் தூக்கமாத்திரை அட்டைகள். பக்கத்திலேயே, சுக்குநூறாகக் கிழித்த நர்ஸின் தாள்.

விலங்கு மாட்டும்போது அதிகாரி கேட்டாள்.

"அவர் எங்களுக்கு லெட்டர் போட்டது ரகசியம். உங்களுக்கு யார் சொன்னது?"

மேனேஜர் சிரித்தார்!

"ரகசியமா? அந்த மேல் தட்டுல பாருங்க மேடம்."

எடுத்தாள். அவளுடைய அலுவலகத்தின் முத்திரை. 'ஆய்வுக்கு வருகிறோம். இணைப்பு: புகார்க் கடிதத்தின் நகல்.' நகலில் வாத்தியாரின் பெயர், அறை எண் எல்லாம் பளிச்சென்று இருந்தன.

"கீழே கையெழுத்து யாருது? படிங்க!"

அவளுடையதுதான். போன வாரம் மேஜையில் குவிந்த நாற்பது ஃபைல்களில் ஒன்று. படிக்காமலே போட்ட கையெழுத்து!

நம்பி எழுதிய மனுஷனைத் தானே காட்டிக்கொடுத்துவிட்டோமே என்று நெஞ்சு எரிந்தது. அன்றைக்குப் படிக்காததை இப்போது முதல் வரியிலிருந்து படித்தாள்.

விஷயம் புரியாத இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"இந்தக் காப்பகத்துக்கு எத்தனை மார்க் மேடம்?"

"முட்டை."

"அடுத்த ஆய்வு எங்க?"

அவள் கடிதத்தை அவர் கையில் திணித்தாள்.

"எங்க ஆபீஸ்ல சார்... இந்தத் தடவை முன்கூட்டியே லெட்டர் போடாம!"