வலமாகச் சுற்றிய குமிழ்

ஒரு மூச்சு நீளமாகவும் அடுத்தது குட்டையாகவும் வந்தது. வெளியே கிரிவலம் போகிற கூட்டத்தின் ஓசை என்றுதான் வேதா முதலில் நினைத்தாள். பௌர்ணமி சாயங்காலம், அடி அண்ணாமலையில் அவர்கள் வீட்டு ஜன்னலை ஒட்டி ஆயிரக்கணக்கான வெறுங்கால்கள் தார்ச்சாலையில் தேய்ந்து போய்க்கொண்டிருந்தன, கற்பூரமும் சுக்குக் காபியும் புழுதியும் கலந்த வாசனை திரைச்சீலையை மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த ஓசை கட்டிலிலிருந்து வந்தது. விமல்ராஜின் மாஸ்க்குக்குள்ளிருந்து.

நுரையீரல் கெட்டுப்போன அவள் கணவனுக்கு மூச்சுத் துணை அந்த மெஷின்தான். அவன் இழுப்பதை உணர்ந்து, அதற்கேற்பக் காற்றைத் தள்ளும். எவ்வளவு முனைப்பாகத் தள்ளவேண்டும் என்பதற்கு ஒரு குமிழ். நிற்காமல் சுற்றும், உச்சத்தைத் தாண்டினால் மறுபடி தொடக்கம். மதியம் அவன் திணறியதைப் பார்க்கப் பொறுக்காமல் வேதாதான் கொஞ்சம் ஜாஸ்தி பண்ணியிருந்தாள்.

தெரியாமல் செய்யவில்லை. சீரான ஒரு தாளம் எப்படிக் குலைகிறது என்பதுதான் கல்லூரியில் அவள் நடத்துகிற கணிதப் பாடமே. போர்டில் ஒற்றைக் கோடு இழுப்பாள். முனைப்பு ஓர் அளவைத் தாண்டியதும் கோடு இரண்டாகக் கிளைக்கும், இரண்டு நாலாகும், அப்புறம் கோடே இருக்காது, வெறும் சாக்பீஸ் பொடி.

"கம்மி பண்ணும்மா," என்றாள் மாமியார் சந்திரம்மாள்.

வேதா குமிழை இடப்பக்கம் திருப்பப் போனாள். மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எடமா வாணாம்மா. ஊரே வலமா போற நேரம். வலமாவே கொண்டாந்தா அதே எடத்துக்குத்தான வரும்?"

வேறொரு நாளாயிருந்தால் வேதா சிரித்திருப்பாள். இன்று எதையாவது பிடித்துக்கொண்டால் போதும் என்றிருந்தது. வலமாகத் திருப்பினாள்.

மூச்சு நாலாகப் பிரிந்தது. எட்டாக. பிறகு ஒன்றோடொன்று ஒட்டாத விக்கல்கள், சீறல்கள், பொடி. குமிழ் காலையில் இருந்த கோட்டில் வந்து நின்றது.

மூச்சு மட்டும் காலையிலிருந்த சீருக்குத் திரும்பவில்லை. நீளம். குட்டை. நீளம். குட்டை.

புறப்பட்ட இடத்துக்கே வந்தாலும் வந்த வழி உள்ளே தங்கிவிடும். இதையும் அவள்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

மெஷினைப் பார்த்துக்கொள்ளும் சகாதேவனுக்குப் போன் போட்டாள். "வேங்கிக்கால்ல மாட்டிக்கிட்டேன் மேடம். ரோடு பூரா ஜனம், பைக்கையே வுட மாட்றாங்க. ஆம்புலன்ஸும் அப்படித்தான் நிக்குது. மெஷின ஆஃப் பண்ணிட்டு, சாரே மூச்சு வுடறாரானு பாருங்க. வுட்டார்னா பயமில்ல."

அணைத்தாள். பிளக்கையும் பிடுங்கினாள். மெஷினின் பச்சை விளக்கு அவிந்தது.

நீளம். குட்டை. நீளம்.

"வுடறான் பாரு," என்றாள் சந்திரம்மாள், குரல் உடைந்து. "எம்புள்ள தானா வுடறான். இரு, விபூதி எடுத்தாறேன்." உள்ளே ஓடினாள்.

வேதாவுக்கு அழுகை வந்தது. அவன் முகத்தைப் பார்க்கவேண்டும் போலிருந்தது. மாஸ்க்கின் பட்டையை அவிழ்த்து எடுத்தாள்.

உதடுகள் நீலம். நெற்றி ஜில்லென்று.

"ஏங்க."

மார்பில் கை வைத்தாள். அசைவில்லை. அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். அசைவில்லை.

ஓசை நிற்கவில்லை.

வெளியே பாதங்களும் அதே தாளத்துக்கு மாறியிருந்தன. ஒரு நீள இழுப்பு. ஒரு குட்டை.

"சரியாய்ட்டான்ல?" உள்ளிருந்து மாமியார்.

வேதா குனிந்து தன் இடது கையைப் பார்த்தாள். குழாய் மாஸ்க்கிலிருந்து கழன்று தொங்கியது. கையிலிருந்த வெற்று மாஸ்க்கின் உட்புறம் வெள்ளையாக ஆவி படிந்தது. தெளிந்தது.

படிந்தது.